உயிர்த்தவர் கேட்ட மீன்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று கள்ளழகர் வைகையில் இறங்கினார். மறுநாள் ஈஸ்டர். இது தற்செயல் அல்ல. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பது பழைய திருச்சபைக் கணக்கு. அந்த நிலவு பெரும்பாலும் பங்குனி நிலவாக இருக்கும், சில ஆண்டுகளில் சித்திரை நிலவாகவும் வரும். ஒரே நிலவின் கீழ் ஆற்றங்கரையில் லட்சக்கணக்கானவர்கள் அழகரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கீழவெளி வீதியில் வியாகுல மாதா கோயிலில் சிலர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்கிறார்கள். அந்தச் சிலர் நம்புவது என்ன என்று மதுரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பதில் சொன்னவர்கள் எல்லோரும் சரியாகச் சொன்னார்களா என்பது வேறு விஷயம்.

செத்தவர் எழுந்தார் என்ற செய்தி மட்டும் என்றால் இந்த ஊர் அசந்துவிடாது. மதுரையில் சமணரோடு அனல்வாதமும் புனல்வாதமும் செய்த சம்பந்தர்தான் மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் கிடந்த பூம்பாவையைப் பதிகம் பாடி எழுப்பினார். திங்களூரில் பாம்பு தீண்டி இறந்த அப்பூதியடிகளின் மகனை அப்பர் எழுப்பினார். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் திரும்ப வரவழைத்தார். அதுவும் விழுங்கிய வயதில் அல்ல, இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு. இப்படிப்பட்ட கதைகளோடு வளர்ந்தவரிடம் ஓர் உபதேசியார் வந்து எங்கள் ஆண்டவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று சொன்னால், சரி, அப்புறம் என்று கேட்பதுதான் இயல்பு.

பெத்தானியா ஊர் லாசருவும் இந்த வரிசையில்தான் நிற்கிறார். நான்கு நாள் கல்லறையில் கிடந்தவர் எழுந்து வந்தார், பழைய வீட்டுக்கே போனார், பிறகு ஒரு நாள் மறுபடியும் செத்திருப்பார். திரும்பி வந்தவர்கள் எல்லோருமே விட்ட இடத்திலிருந்து வாழ்க்கையைத் தொடர்ந்தவர்கள். இயேசுவைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வது இது அல்ல. அவர் திரும்பி வரவில்லை, சாவுக்கு அந்தப் பக்கமாகக் கடந்து போனார், ஆனால் உடலோடு போனார் என்பது அவர்கள் சொல்வது. இந்த உடல் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

மதுரைக்குச் சொந்தமாகவே ஓர் உயிர்ப்புக் காட்சி உண்டு. அதை அந்தப் பெயரால் யாரும் அழைப்பதில்லை. சிலப்பதிகாரத்தில் வெட்டுண்டு கிடக்கும் கோவலனைக் கண்ணகி தேடிப் போய்த் தழுவிக்கொள்கிறாள். அவன் எழுந்து நிற்கிறான். அவளுடைய முகம் வாடியதைச் சொல்லிக் கையால் கண்ணீரைத் துடைக்கிறான். அவள் காலில் விழ, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு உடலை விட்டு வானோர் கூட்டத்தோடு போய்விடுகிறான். செய்யாத குற்றத்துக்கு அரசாணையால் கொல்லப்பட்டவன், பொழுது சாய்ந்த நேரம், அழுதுகொண்டே வந்த ஒரு பெண், அவளுக்கு மட்டும் கிடைத்த காட்சி. யோவான் நற்செய்தியில் கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நிற்கும் மகதலா மரியாளை எனக்கு நினைவூட்டாமல் இந்தப் பகுதி ஒரு தடவைகூடக் கடந்ததில்லை.

ஒற்றுமை அதோடு முடிகிறது. கோவலன் உடலை விட்டுவிட்டுப் போகிறான். கண்ணகி அரண்மனைக்குப் போகிறாள், பாண்டியன் விழுகிறான், ஊர் எரிகிறது. எரிகிற ஊரின் தெய்வமான மதுராபதி அவள் பின்னால் வந்து ஒரு கணக்கைச் சொல்கிறது: முற்பிறப்பில் கோவலன் பரதன் என்பவனாக இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது. ஆக, கோவலன் இந்தப் பிறவியில் குற்றமற்றவன், கணக்குப் புத்தகத்தில் அல்ல. மணிமேகலைக் காப்பியம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் இருந்து அமுதசுரபியால் ஏழைகளுக்குச் சோறிட்ட ஆபுத்திரன் பிறகு மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு உண்ணாமல் இறக்கிறான். சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். மணிமேகலை அவனை அந்தத் தீவுக்கு அழைத்துப் போகிறாள். மணலில் கிடக்கும் தன் பழைய எலும்புகளை அரசன் நின்று பார்க்கிறான். மறுபிறப்பை இதைவிடக் கண்ணுக்கு நேராகக் காட்டிய காட்சி வேறு எந்த இலக்கியத்தில் இருக்கிறதோ தெரியாது. எலும்பு அவனுடையதுதான், ஆனால் அவனுக்கு இனி அதனால் ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

இந்த மதுரைக்குத்தான் 1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி வந்தார். தஸ்கனிப் பிரபு குடும்பத்துப் பிள்ளை, இயேசு சபைக் குரு, வயது 29. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம். ஏற்கெனவே 1595 முதல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முன்னாள் போர்த்துக்கீசியச் சிப்பாய் இங்கே குருவாக இருந்தார். கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வரும் பரதவர்களைக் கவனித்துக்கொண்டார், உள்ளூர்க்காரர் ஒருவரையும் சேர்க்க முடியவில்லை. காரணத்தை நொபிலி சீக்கிரமே கண்டுகொண்டார். மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, யாரோடும் உட்கார்ந்து சாப்பிடும் பரங்கியின் மதத்தை இந்த ஊர் கேட்காது. காவி உடுத்தினார், பாதக்குறடு போட்டார், இறைச்சியும் மீனும் முட்டையும் விட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். பெர்னாண்டஸோடு பந்தியில் உட்காருவதை நிறுத்தினார். வயதான பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதியதில் வியப்பில்லை.

நொபிலியின் வாதங்களில் முக்கியமானது மறுபிறப்பு. நாள்கணக்கில் அதைப் பற்றிப் பேசினார், பிறகு தமிழிலேயே புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்று ஒரு நூலும் ஆத்தும நிர்ணயம் என்று இன்னொன்றும் எழுதினார். தமிழ் உரைநடையின் வரலாற்றில் அவருக்குள்ள இடத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. மறுபிறப்பை மறுப்பதும் உயிர்ப்பை விளக்குவதும் ஒரே வேலை அல்ல. ஞானோபதேச காண்டங்களில் விசுவாசப் பொருள் எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார்தான். ஆனால் வாதத்தின் சூடு ஆன்மாவைச் சுற்றியே இருந்தது: அது என்ன, எங்கிருந்து வந்தது, எத்தனை உடலில் புகும், எங்கே போய்ச் சேரும். எதிரே உட்கார்ந்தவர்கள் வைத்த கேள்வி அது, அவரும் அந்தக் களத்திலேயே நின்று பதில் சொன்னார். ஆன்மா அழியாது என்று இரு தரப்புக்கும் ஏற்கெனவே சம்மதம். தகராறு அது எத்தனை தடவை பயணம் போகும் என்பதில் மட்டும். உடலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி ஓரமாக நின்றுவிட்டது.

ஏதென்ஸிலும் இதுதான் நடந்தது. அப்போஸ்தலர் பணிகளின்படி பவுல் அரியோபாகில் பேசியபோது கடவுளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அறிஞர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். இறந்தவர் எழுந்ததைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். ஆன்மாவை நம்புகிறவர்களுக்கு உடலை நம்பச் சொல்வது கொஞ்சம் அநாகரிகமாகத் தெரியும்.

யூதர்களிடையே இந்த நம்பிக்கை முளைத்த இடம் தத்துவ வகுப்பு அல்ல, சித்திரவதைக் கூடம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு என்ற கிரேக்க அரசன் யூத வழிபாட்டைத் தடை செய்தான். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஏழு சகோதரர்களை அவர்கள் தாயின் கண் முன்னால் ஒவ்வொருவராக வெட்டிக் கொல்கிறார்கள். (இந்த நூல் சி.எஸ்.ஐ. வீட்டு வேதாகமத்தில் இருக்காது, கத்தோலிக்க வீட்டில் எடுத்துப் பார்க்கலாம்.) மூன்றாமவன் தன் கைகளைத் தானே நீட்டுகிறான். கடவுள் கொடுத்த கை இது, அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்ற பொருளில் பேசுகிறான். அவனுக்குச் சாவுபயம் இல்லை. வெட்டிய அரசனின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பாக இருக்க முடியாது என்பதுதான் அவன் வாதம். அநியாயமாகக் கொல்லப்பட்ட உடலுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றால் உடல் திரும்ப வேண்டும். வேறு எங்கோ ஆன்மா சுகமாக இருக்கிறது என்பது அவனுக்குப் போதவில்லை.

இயேசு பொந்தியு பிலாத்துவின் ஆணையால் கொல்லப்பட்டவர். அவர் எழுந்தார் என்றால் ரோமத் தீர்ப்பு தள்ளுபடியானது என்று பொருள். கண்ணகிக்குக் கிடைத்த நீதியோடு இதை வைத்துப் பாருங்கள். மதுரையில் அரசன் செத்தான், ஊர் எரிந்தது, கொல்லப்பட்டவனின் பழைய பாவம் தெரியவந்தது. எருசலேமில் ஒரு வீடும் எரியவில்லை. பிலாத்து தன் வேலையைத் தொடர்ந்து பார்த்தான். முன்வினை என்று எதையும் யாரும் தேடவும் இல்லை. பிறவிக்குருடனைக் கண்டு இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் மதுராபதியின் கேள்வியைக் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று சொன்னவர் அவர். கொல்லப்பட்டவர் காயங்களோடு வந்து, ஓடிப்போன நண்பர்கள் நடுவில் நின்று, சமாதானம் சொன்னார்.

காயங்கள் ஆறவில்லை என்பதைக் கத்தோலிக்க வழிபாடு ஒரு பொருளில் காட்டுகிறது. பாஸ்கா இரவில் கோயிலுக்கு வெளியே மூட்டிய புதுத் தீயருகே குருவானவர் பெரிய மெழுகுதிரியில் சிலுவை கீறுவார். மேலும் கீழும் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு எண்கள். பிறகு சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துவார், ஐந்து காயத்துக்கு ஐந்து. இருட்டில் கூட்டம் நெருக்குவதால் முன்வரிசையில் நிற்பவருக்கு மட்டும்தான் இது தெரியும். வெற்றித் திருவிழாவின் விளக்கில் காயத்தைப் பதித்துத்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள்.

லூக்கா நற்செய்தி இன்னும் வெளிப்படையாகப் பேசும். சீடர்கள் ஆவியைக் கண்டதாக நடுங்குகிறார்கள். அவர் கையையும் காலையும் காட்டுகிறார், அவர்கள் நம்பவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். வேகவைத்த மீன் துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள். அவர்கள் பார்க்க வாங்கிச் சாப்பிடுகிறார். எம்மாவு வழியில் கூட நடந்தவரை இரு சீடர்கள் அடையாளம் கண்டதும் அப்பத்தைப் பிட்டபோதுதான். யோவானில் விடியற்காலை ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். புராண அளவில் பார்த்தால் இதெல்லாம் ரொம்பச் சாதாரணமான அதிசயங்கள். மரக்கறி உணவுக்கு மாறிய நொபிலி சுவாமிகள் இந்த மீனை மதுரைப் பண்டிதர்களுக்கு எப்படி விளக்கியிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

இந்தச் சாப்பாட்டை ஓர் இடத்தில் பேதுரு சாட்சியாகவே வைக்கிறார். அவர் உயிர்த்த பிறகு அவரோடு உண்டு குடித்த நாங்கள்தான் சாட்சி என்கிறார். எங்கே நின்று சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கொர்னேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள், யூதன் ஒருவன் காலெடுத்து வைக்கக் கூடாத வீட்டுக்குள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் தீட்டு என்று எதையும் யாரையும் சொல்லாதே என்று அவருக்குக் காட்சி வந்தது. அப்போஸ்தலர் பணிகளின் பத்தாம் அதிகாரத்தில் உயிர்ப்பும் பந்தியும் ஒரே பேச்சாக வருகின்றன.

மதுரையில் இவ்விரண்டும் நெடுங்காலம் பிரிந்தே கிடந்தன. நொபிலி சாதியைச் சமயம் சாராத உலக வழக்கம் என்று எடுத்துக்கொண்டார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் இருக்கலாம் என்று 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசரும் அனுமதித்தார். மேல்சாதிக்குப் பிராமண சந்நியாசிக் குருக்கள் என்றும், 1640-இலிருந்து பிறருக்குப் பண்டாரசுவாமிகள் என்றும் குருக்களே இரண்டு வரிசையானார்கள். நொபிலியை இன்றைய அளவுகோலால் அடிப்பது சுலபம். அவர் இல்லாவிட்டால் மதுரை மிஷனே இல்லை என்பதும் உண்மை. ஆனால் மறுபிறப்பு என்ற கணக்கை மறுத்துவிட்டு, அந்தக் கணக்கு தாங்கிப்பிடித்த ஏணியை அப்படியே விட்டுவைத்தார். முற்பிறப்புப் பாவம் என்ற காரணம் போன பிறகு, ஒருவர் எழுந்து நிற்க இன்னொருவர் ஏன் தள்ளி உட்கார வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் போனது. கேட்க ஆள் இல்லாததால் பதிலும் தேவைப்படவில்லை.

கேட்டவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் வந்த அமெரிக்கர்கள். 1847-இல் மதுரை அமெரிக்கன் மிஷன் தன் ஊழியர்கள் எல்லோரும் சாதியை விட வேண்டும் என்றது, விட்டதற்கு அடையாளமாக அன்பின் விருந்தில் உட்கார்ந்து தாழ்த்தப்பட்ட சாதியார் சமைத்ததைச் சாப்பிட வேண்டும் என்றது. பலர் மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். பசுமலைச் செமினாரியிலிருந்தும் மாணவர்கள் வெளியேறினார்கள். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சம்பளம் கொடுப்பவர் வைக்கும் பரீட்சையில் ஒருவர் விழுங்கும் சோறு தொண்டைக்குள் போகும், மனசுக்குள் போகுமா என்பது சந்தேகம். ஆனாலும் பேதுரு சொன்ன சாட்சி எங்கே தொடங்குகிறது என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதைத் தமிழில் தமிழனாகவே சொன்னவர் பறட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 2005-இல் மறைந்தார். பறையும் கிராமத்து மெட்டும் வழிபாட்டுக்குள் வர அவர் பட்ட பாட்டைப் பலர் அறிவார்கள். அவருடைய இறையியலின் நடு ஒரு உலை. ஒரே உலையில் பொங்கியதை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது என்ற கிராமத்துக் குடும்ப நெறியையே அவர் இராப்போசனத்தின் பொருளாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கர்களின் விருந்தில் தட்டு நீட்டியவர்கள் தேர்வு எழுதினார்கள். அப்பாவுவின் உலையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தேர்வாளர் யாரும் இல்லை.

உயிர்ப்பை வெறும் நினைவாகப் புரிந்துகொள்ளும் வழியும் உண்டு. சீடர்களின் மனத்தில் அவர் வாழ்ந்தார், அதைத்தான் எழுந்தார் என்று சொன்னார்கள் என்று இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இறையியலாளர்கள் சிலர் எழுதினார்கள். அதை ஏற்காதவர் ஒருவர் மதுரையில் இருந்தார். சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்தபோது மதுரை-இராமநாதபுரம் பேராயரானவர் 37 வயது லெஸ்லி நியூபிகின். 1959 வரை இங்கே இருந்தார். காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உபநிடதமும் யோவானும் சேர்ந்து படித்தவர். காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் மேல்தான் தன் நம்பிக்கை நிற்கிறது, அது நடக்கவில்லை என்றால் நம்பிக்கையும் இல்லை என்பதில் அவர் கடைசிவரை வளையவில்லை. பவுலும் கொரிந்தியருக்கு இதைத்தான் எழுதினார். நினைவு என்ன செய்யும், எதைச் செய்யாது என்று பார்க்கத் தமுக்கத்துக்கு அருகே காந்தி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கொலையுண்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பார்ப்பவர் கண் கலங்கும். யோவான் நற்செய்தி காட்டும் கல்லறைக்குள்ளும் துணி கிடக்கிறது, பேதுரு உள்ளே நுழைந்து அதைப் பார்க்கிறார். ஆனால் அந்தத் துணியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உடல் திரும்பும் என்றால் பிணத்துக்கும் மரியாதை வர வேண்டும். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதியின் ஆணையால் மதுரை மிஷன் குரு ஜான் தெ பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. அருளானந்தர் என்று அவரை அழைக்கும் மக்கள் இன்றும் அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள், அதில் எல்லாச் சாதிக்காரரும் எல்லா மதத்தாரும் உண்டு. ஒரு வேதசாட்சியின் உடல் விழுந்த மண்ணுக்கு இந்தச் சமவெளி கொடுக்கும் மரியாதை அது. சாதாரணக் கிறிஸ்தவனின் உடல் விழும் மண்ணுக்கு வேறு கணக்கு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதி பிரித்துக் கட்டிய சுவர் செய்தித்தாளில் வந்தது. எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களே இரு சாதியாக மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அங்கே இருந்த பழைய குறைகளில் தலித் கிறிஸ்தவரின் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதும் ஒன்று. அடக்கத்தின்போது வாசிப்பது பெரும்பாலும் கொரிந்தியர் முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரம்தான். மண்ணில் விழும் விதையாகவே பவுல் அதில் உடலைப் பார்க்கிறார். வரப்பின் எந்தப் பக்கம் விதைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

சுவரை இடித்த கதையும் உண்டு. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் இரு சாதிக்கும் இரு கூடம், நடுவில் சுவர், இரண்டும் கூடும் இடத்தில் பீடம். 1910-இல் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், ஜெயிக்கவில்லை. கோயிலுக்குள் இருந்த சுவரை இடிக்க குருக்களின் கட்டளை போதுமாக இருந்தது என்பதைத் தமிழ்நாட்டு ஆயர்களும் பேராயர்களும் மறந்திருக்க மாட்டார்கள். கல்லறைத் தோட்டங்களும் பெரும்பாலும் அவர்களுடைய நிலம்தான், அங்கே உள்ள சுவரும் அவர்களுடையதுதான். அடுத்த ஈஸ்டருக்குள் இடிக்க நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை.